மூன்றும் ஆறும்

"முழுசாப் போச்சுன்னாக்கூடப் பரவாயில்ல தம்பி. போகுது, வருது. ஆள் வந்து பாக்கும்போது மட்டும் நல்லா இருக்கு."

ராஜபாளையத்திலிருந்து மதினி போனில் இப்படிச் சொன்னபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மதினி அத்தையின் மூத்த மகள். இரண்டு வயதுக் குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்துகொண்டு, சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு மாடி அறையிலிருந்து வேலை பார்க்கிறார். ஒரே மாதத்தில் மூன்று மீட்டிங்குகள் பாதியில் அறுந்துவிட்டன. மூன்றாவது முறை மேலாளர் மெயில் போட்டுவிட்டார். வீட்டில் இணைப்பு சரியில்லை என்றால் அலுவலகத்துக்கே வந்துவிடலாம் என்று மரியாதையான வார்த்தைகளில். குழந்தையை விட்டுவிட்டுச் சென்னைக்கா?

நெட் கம்பெனி ஆள் இரண்டு முறை வந்து பார்த்திருக்கிறார். ரவுட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. "எங்க சைடுல பிராப்ளம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமா கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டார். மதினியின் வீட்டுக்காரர் மதினியையே சந்தேகப்பட்டார். அத்தை மட்டும், "நான் மோட்டார் போட்டாத்தான் அது போகுது" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

விட்டு விட்டு வரும் பழுதின் முதல் குணம் இதுதான். அது கம்பியைக் கெடுப்பதற்கு முன்னால், கம்பியைப் பற்றிப் புகார் சொல்பவரின் பேச்சைக் கெடுத்துவிடும்.

*

இது இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. 1858 ஆகஸ்ட் 5-ம் தேதி அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே முதல் தந்திக் கம்பி கரை சேர்ந்தது. 16-ம் தேதி விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்து அனுப்பினார். 98 சொற்கள். போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. அமெரிக்காவில் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடினார்கள். ஆனால் கம்பி அப்போதே இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தது. சில மணி நேரம் பேசும், சில மணி நேரம் ஊமையாகும். அயர்லாந்து முனையில் மின் பொறுப்பில் இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2000 வோல்ட் அழுத்தத்தைக் கொடுத்து அதைப் பேசவைக்கப் பார்த்தார். அவர் தொழிலில் மருத்துவர். ஏற்கெனவே நலிந்திருந்த கம்பி செப்டம்பர் தொடக்கத்தில் செத்துப்போனது.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கம்பி வேலை செய்யவே இல்லை, வந்ததாகச் சொன்ன செய்திகள் எல்லாம் ஏமாற்று என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கரையில் உட்கார்ந்து கண்ணாடிக் கால்வனாமீட்டரின் ஒளிப்புள்ளி அசைவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். இருந்தும் வேண்டும்போது அதை மறுபடி அசைத்துக் காட்ட அவர்களால் முடியவில்லை.

பிரிட்டிஷ் அரசும் கம்பி கம்பெனியும் சேர்ந்து ஒரு விசாரணைக் குழு அமைத்தன. அறிக்கை 1861-ல் வந்தது. அந்த விசாரணையில் வெளிப்பட்ட பெரிய ஓட்டை ஒன்று உண்டு: ஒரு கம்பி எவ்வளவு தடை கொடுக்கிறது என்று சொல்ல எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவே அன்று இல்லை. ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. அதே 1861-ல் பிரிட்டிஷ் அசோசியேஷன் மின்தடைக்கு ஒரு பொது அலகு காண ஒரு குழுவை அமைத்தது. கண்ணாடிக் கால்வனாமீட்டரைச் செய்த வில்லியம் தாம்சன் அதில் முக்கிய ஆள். நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த 'ஓம்' அந்த வேலையிலிருந்து வந்தது. ஒரு மைல் கம்பிக்கு இத்தனை ஓம் என்று தெரிந்தால், கரையில் உட்கார்ந்தபடியே அளந்து பார்த்து, கடலுக்கடியில் எத்தனையாவது மைலில் பழுது என்று சொல்லிவிடலாம். கப்பலை அங்கே அனுப்பினால் போதும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. அளக்கும் நேரத்தில் பழுது இருக்க வேண்டும். அத்தை வீட்டில் அதுதான் இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனேன். கையில் நூற்றைம்பது ரூபாய் டெஸ்டர், கிரிம்பிங் டூல், ஒரு பொட்டலம் ஆர்ஜே-45 ஜாக்.

வீட்டு அமைப்பு இதுதான். கீழே முன்னறையில் ரவுட்டர். அங்கிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் சுவரோரமாகப் பைப்புக்குள் ஓடி, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஏறி, மதினியின் அறைக்குப் போகிறது. முப்பது மீட்டருக்குள்தான் இருக்கும். இந்த வகைக் கேபிளுக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டு. நீளம் குற்றவாளி இல்லை.

இப்படிப்பட்ட பழுதில் முதலில் செய்ய வேண்டியது, சந்தேகத்தைப் பாதியாக வெட்டுவது. வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? அதற்கு ஒரு சின்ன நிரல் இருக்கிறது, பிங். எதிர்முனைக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பும், பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று எழுதும். பதில் வராவிட்டால் வரவில்லை என்று எழுதும். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் நெட்வொர்க் ஒன்று விநோதமாக நடந்துகொண்டதைப் பார்த்து, ஒரே ராத்திரியில் அதை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனாரின் ஒலியை வைத்துப் பெயர். நாற்பது வருடம் கழித்தும் நாம் அதைத்தான் தட்டுகிறோம்.

மதினியின் கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல் திறந்தேன். ஒன்று கீழே இருக்கும் ரவுட்டருக்குப் பிங் செய்தது, மற்றொன்று வெளியுலகத்தில் ஒரு முகவரிக்கு. இரண்டையும் நேரக் குறிப்போடு ஒரு கோப்பில் எழுதவிட்டேன். வெளியே போவது மட்டும் அறுந்தால் நெட் கம்பெனியைக் கேட்கலாம். ரவுட்டருக்கே போகவில்லை என்றால் பழுது இந்த வீட்டுக்குள்தான்.

பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டோம். மாமா என்னைப் பார்த்த பார்வையில், நெட் கம்பெனி ஆளுக்குக் கொடுத்த அதே பார்வை இருந்தது. "இப்ப நல்லாத்தான ஓடுது?" என்றார். நிரலை நிறுத்தாமல் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் கோப்பைத் திறந்தால், 6:46-லிருந்து 7:03 வரை வரி வரியாகப் பதில் இல்லை. நடுநடுவே இரண்டு மூன்று வந்திருக்கின்றன. இரண்டு ஜன்னலிலும் ஒரே மாதிரி. அதாவது ரவுட்டர் வரைக்குமே போகவில்லை. அத்தை காபியோடு மேலே வந்தார்.

"அத்தை, காலையில மோட்டார் எப்பப் போட்டீங்க?"

"இன்னைக்குத் தண்ணி வர்ற நாளு. ஆறே முக்காலுக்குப் போட்டேன், ஏழு மணிக்கு நிப்பாட்டினேன். ஏன்?"

தண்ணீர் எல்லா நாளும் வருவதில்லை. வரும் நாளிலும் ஒரே நேரத்துக்கு வருவதில்லை. சம்ப்பில் தண்ணீர் விழுந்த பிறகுதான் அத்தை மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவார். அதனால்தான் அந்தப் பழுதுக்கு ஒரு ஒழுங்கே இல்லாததுபோல் தெரிந்திருக்கிறது. ஒழுங்கு இருந்தது, அது அத்தையின் கையில் இருந்தது. வீட்டிலேயே அதைக் கவனித்த ஒரே ஆளைத்தான் எல்லோரும் சிரித்து ஒதுக்கியிருக்கிறார்கள்.

*

மோட்டாரின் ஒயரும் நெட்வொர்க் கேபிளும் மாடிப்படி ஓரமாக ஒரே பைப்பில் ஏறுகின்றன. அது தப்பு. ஆனால் இந்தத் தப்பு ஊரில் பாதி வீடுகளில் இருக்கிறது, அங்கெல்லாம் நெட் அறுவதில்லை. ஏன் என்று புரிய 1881-க்குப் போக வேண்டும்.

தந்திக்கு ஒரே ஒரு கம்பிதான். மின்சாரம் திரும்பி வரப் பூமியே போதும். ஓஷானசி கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்கு 1850-ல் ஆரம்பித்த லைனும் அதுதான். காகமும் குரங்கும் உட்கார்ந்தாலும் தாங்கும்படி தடித்த இரும்புக் கம்பியை அவர் விரும்பினார். டக், டக் என்று போகும் தந்திக்கு அது போதும். தொலைபேசி வந்தபோது அதே வழியைத்தான் பின்பற்றினார்கள். 1882 ஜனவரி 28-ம் தேதி கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறந்த காலம் அது. மனிதக் குரலோ மெல்லிய சமாச்சாரம். பக்கத்தில் ஓடும் தந்திக் கம்பியின் டக் டக் எல்லாம் காதில் கேட்டது. பிறகு பல நகரங்களில் மின்சார டிராம் வந்தபோது, அதன் மின்சாரமும் அதே பூமி வழியாகத் திரும்பியதால் தொலைபேசியில் ஒரே உறுமல்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 ஜூலையில் ஒரு காப்புரிமை வாங்கினார். பூமியை விட்டுவிடுங்கள். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியின் மேலும் ஒரே அளவில் விழும். கேட்கும் முனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால், பொதுவாக விழுந்த இரைச்சல் கழிந்துபோகும், குரல் மிஞ்சும். முறுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் ஒன்று இரைச்சலுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கும், ஒன்று எட்ட இருக்கும், கணக்குச் சரியாகாது. முறுக்கினால் அடுத்தடுத்த சுற்றில் இடம் மாறி மாறிச் சரியாகிவிடும்.

ஈதர்நெட்டின் கதை தொலைபேசியோடு ஆரம்பிக்கவில்லை. 1973-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கியபோது அது தடித்த ஒற்றைக் கேபிள்தான், டிவிக்கு வரும் கேபிள் மாதிரி. எல்லாக் கம்ப்யூட்டரும் அதே ஒரு கேபிளில் தொற்றிக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் அதன் மெலிந்த தம்பி இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பின்னால் ஒரு 'டி' இணைப்பான், வரிசையின் இரு கோடியிலும் ஒரு மூடி. யாராவது காலால் தட்டி ஒரு இணைப்பு தளர்ந்தால் அந்த வரிசையே படுத்துவிடும். ஆடிப்பூரத்துக்குத் தெருவில் கட்டும் சீரியல் பல்பில் ஒன்று போனால் மொத்தமும் அணைந்து, எது போனது என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார்களே, அதே கதைதான்.

கட்டடங்களில் ஏற்கெனவே தொலைபேசிக்கு முறுக்கிய கம்பி ஓடுகிறதே, அதிலேயே ஈதர்நெட்டை அனுப்பினால் என்ன என்று எண்பதுகளில் சிலர் கேட்டார்கள். 1990-ல் அதற்கான தரநிலை வந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கேபிள். ஒருவருடையது அறுந்தால் அவருக்கு மட்டும்தான் நஷ்டம். இன்று மதினி வீட்டில் இருப்பது அதன் வாரிசு. உள்ளே எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கின் நெருக்கம் வேறு வேறு. ஒரே அளவாக முறுக்கினால் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் ஒன்றை ஒன்று ஒட்டுக் கேட்க ஆரம்பித்துவிடும்.

*

டெஸ்டரை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. மாமா, "எல்லாம் சரியாத்தான இருக்கு" என்றார்.

விளக்கு சரியாகத்தான் சொன்னது. இந்த முனையின் மூன்றாவது கம்பி அந்த முனையின் மூன்றாவதுக்குப் போகிறதா என்றுதான் அது பார்க்கும். மூன்றாவதும் ஆறாவதும் ஒன்றாக முறுக்கியவையா என்று அதற்குத் தெரியாது.

ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்து நிறங்களைப் பார்த்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். எவ்வளவு அழகான வரிசை! ஜோடி ஜோடியாக, துணைக்குப் பக்கத்தில் துணை. யார் யோசித்தாலும் இப்படித்தான் வைப்பார்கள். இதுதான் பழுது.

சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை உட்காரவைத்த மாதிரி இருக்கும். ஏனென்றால் ஈதர்நெட் ஒன்றையும் இரண்டையும் ஒரு ஜோடியாகவும், மூன்றையும் ஆறையும் ஒரு ஜோடியாகவும் வைத்துப் பேசும். நான்கும் ஐந்தும் நடுவில்.

இப்படிக் கோணலாக வைத்ததற்குக் காரணம் தொலைபேசி. எழுபதுகளில் அமெரிக்காவில் தொலைபேசி ஜாக்குகளை ஒழுங்குபடுத்தியபோது முதல் லைனை ஜாக்கின் நட்டநடுவில் வைத்தார்கள். இரண்டாவது லைன் வேண்டுமென்றால் அதை முதல் லைனின் இரு பக்கமும், அணைத்தாற்போல. அப்படி வைத்தால் சின்ன ஜாக்கைப் பெரிய துளையில் செருகினாலும் முதல் லைன் நடுவில் சரியாக உட்காரும். எட்டுக் கம்பி ஜாக்கில் நடு என்பது நான்கும் ஐந்தும். அடுத்த லைன் மூன்றும் ஆறும். ஈதர்நெட் அதே ஜாக்கை எடுத்துக்கொண்டபோது, நடுவில் தொலைபேசி இருந்தாலும் இருக்கும் என்று அதைத் தொடாமல் விட்டது. தொலைபேசி மணி அடிக்கும்போது அந்தக் கம்பியில் 90 வோல்ட் வரை வரும். அதன் மேல் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைக்கக் கூடாதல்லவா? அதனால் ஓரத்திலிருக்கும் ஒன்று-இரண்டையும், தொலைபேசியைச் சுற்றி நிற்கும் மூன்று-ஆறையும் எடுத்துக்கொண்டது.

எலெக்ட்ரீசியன் தம்பி புத்தியைப் பயன்படுத்தியிருக்கிறான். அந்த வரிசை புத்தியால் அமைந்ததில்லை, வரலாற்றால் அமைந்தது. அவன் வைத்த வரிசையில் மூன்றாவது இடத்தில் வெள்ளைப் பச்சை, ஆறாவது இடத்தில் நீலம். இரண்டும் வேறு வேறு ஜோடி, வேறு வேறு முறுக்கு. பெல் சொன்ன கழித்தல் கணக்கு அங்கே நடக்காது. சும்மா இருக்கும்போது முப்பது மீட்டருக்குச் சமாளித்துக்கொண்டு ஓடும். பக்கத்தில் மோட்டார் ஓடினால் அந்த இரைச்சல் ஒரு கம்பியில் அதிகமாகவும் ஒரு கம்பியில் குறைவாகவும் விழும். சிதைந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், யாரிடமும் சொல்லாது. மதினிக்குத் தெரிவதெல்லாம் உறைந்து நிற்கும் முகங்கள்தான்.

இதை மாமாவுக்குச் சொல்ல நான் தயங்கினேன். அவர் முப்பது வருடத்துக்கு மேல் மில்லில் ரிங் பிரேம் ஓட்டியவர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஊரின் பொழுது பஞ்சாலைச் சங்கோடு விடிந்திருக்கிறது. கேபிளின் தோலை நான்கு விரல் நீளத்துக்கு உரித்து நாலு ஜோடியையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"ஒவ்வொண்ணுலயும் முறுக்கு வேற வேறயா இருக்கே?"

"ஆமா மாமா. வேணும்னேதான்."

"இவன் ஒரு நூலை இதுலருந்தும் ஒரு நூலை அதுலருந்தும் எடுத்துச் சேத்துட்டான், அப்படித்தான? அப்ப ரெண்டுக்கும் நடுவுல முறுக்கே இல்லையே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "டபிளிங்ல இப்படி வந்தா அந்தக் கோனையே தூக்கிப் போட்டுருவோம்."

நான் அரைப் பக்கத்துக்கு யோசித்து வைத்திருந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

*

இரண்டு முனையும் வெட்டி, புது ஜாக் போட்டேன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை. பிங்கை ஓடவிட்டு, "அத்தை, மோட்டாரைப் போடுங்க" என்று கீழே குரல் கொடுத்தேன். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது, தண்ணீர் மாடியில் வழிந்தது. பத்து நிமிடம் வழியவிட்டோம். ஒரு வரிகூட விடாமல் பதில் வந்துகொண்டே இருந்தது. மோட்டார் ஒயரை வேறு பைப்பில் மாற்றவும் சொல்லியிருக்கிறேன், அது தனி வேலை.

மதினி மேலாளருக்கு மெயில் எழுதினார். என்ன பழுது என்று எழுதுவது என்று கேட்டார். 'கேபிளில் ஜோடி பிரிந்திருந்தது, சரிசெய்தாகிவிட்டது' என்று எழுதச் சொன்னேன். அதோடு, கோப்பில் இருந்த அந்தப் பதினேழு நிமிடத்தையும் இணைக்கச் சொன்னேன். 1858-ல் அந்தக் கரையில் இருந்தவர்களிடம் இல்லாதது அதுதான். தங்களால் மறுபடி காட்ட முடியாத ஒன்றை நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும் இயந்திரம்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடி எலெக்ட்ரீசியன் தம்பிக்குப் போன் போட்டேன். கோபப்படுவானோ என்று நினைத்தேன். படவில்லை. வரிசையைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான். பிறகு கேட்டான்: "அப்ப எதுக்குண்ணே அப்படிக் கோணலா வச்சான்?"

அவனுக்கு அங்கே நின்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இதே மாதிரி இன்னும் நாலு வீட்டுக்குப் போட்டிருக்கேண்ணே. அதுல ஒரு வீட்டம்மா கிரைண்டர் போட்டா நெட் போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான்தான் நம்பல."